நான் அழிச்ச இருபது நிமிஷம்

என் பெண்டாட்டியோட பெரியப்பா தவறிப்போன செய்தியை என் மச்சினன் குடும்ப வாட்ஸாப் குரூப்புல இங்கிலீஷ்ல போட்டான். மொத்தம் மூணு வரி. அதுல ரெண்டு இடத்துல காமா இல்லை, ஒரு இடத்துல வேண்டாத காமா. நான் என்ன செஞ்சேன்னா, அதைத் திருத்தி, அதே குரூப்புல திரும்பப் போட்டேன். அதுக்கு அப்புறம்தான் கைகூப்பின பொம்மையைப் போட்டேன். அஞ்சு மாசம் என் மாமியார் வீட்டுல யாரும் என்கூடப் பேசலை. ஆறாவது மாசம் பேசினாங்க, ஆனா மலையாளத்துல. அதைத் திருத்த எனக்குத் தெரியாதுல்லா.

இப்படிப்பட்ட ஆளைக் கூப்பிட்டு, "புதுசா சேந்திருக்கற பிள்ளைங்களுக்கு உங்க அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் குடுங்க"ன்னு ஆபீஸ்ல கேட்டிருக்காங்க. கேட்டவங்களுக்கு நல்ல தைரியம். ஐம்பத்தாறு வயசுல ரிட்டயர் ஆகி, வலியசாலைல வீட்டு ஹால்ல உக்காந்து, மருந்து அட்டையில பின்னால அச்சடிச்சிருக்கற இங்கிலீஷைத் திருத்திக்கிட்டிருக்கேன். வேற வேலை இல்லை. அதனால எழுதறேன்.

காமா எங்க போடணும்னு நான் சொல்லித் தரப் போறதில்லை. அதை இப்ப கம்ப்யூட்டரே போட்டுடுது. என்னைவிட நல்லாவும் போடுது, வேகமாவும் போடுது, நடுவுல டீ கேக்கறதும் இல்லை. எனக்கு முதல்ல மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. இப்ப பழகிடுச்சு. நான் சொல்ல வந்தது, எல்லா காமாவையும் சரியாப் போட்டு நான் ஒரு ஆளைக் குழியில தள்ளின கதை.

அப்ப நம்ம ஆபீஸ் தம்பானூர்ல ஒரு லாட்ஜுக்கு மேல, ரெண்டாவது மாடியில இருந்துச்சு. ஜன்னலைத் திறந்தா பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு அப்படியே உள்ள வரும். நாகர்கோவில் பஸ் எத்தனை மணிக்கு, எது லேட்டு, எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போடறவங்க, முக்காவாசி நர்ஸுங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல எழுதினதை ஏஜென்சி வழியா நம்மகிட்ட அனுப்புவாங்க. நாம ரெண்டு சுத்து பாப்போம். முதல் சுத்து காமா, ஃபுல்ஸ்டாப். ரெண்டாவது சுத்து, வரி இயல்பா இருக்கான்னு. அதாவது, ஒரு வெள்ளைக்காரர் வாயில இந்த வரி வருமான்னு யோசிச்சுப் பாக்கணும். வராதுன்னு தோணினா ஓரத்துல சிவப்பு மையில ஒரு வட்டம். வட்டம் போட்ட வரியை மாத்தி எழுதணும்.

ஆபீஸ்லயே நிறைய வட்டம் போட்ட ஆள் நான்தான். அப்ப வரைக்கும் நான் நேர்ல பேசின ஒரே வெள்ளைக்காரர், கோவளத்துல "டாய்லெட் எங்க"ன்னு கேட்டவர். அவருக்கும் வாயால பதில் சொல்லலை, கையைத்தான் காட்டினேன். ஆனா வெள்ளைக்காரங்க எதைச் சொல்வாங்க, எதைச் சொல்ல மாட்டாங்கன்னு தீர்ப்பு சொல்றதுல எனக்கு ஒரு தயக்கமும் இருந்ததில்லை.

இன்னொரு வழக்கம் இருந்துச்சு. எழுதினவங்ககிட்ட நாம நேராப் பேசக்கூடாது. எல்லாம் ஃபைல் நம்பர்தான். பேசினா சண்டை வரும், வேலை நீளும்னு யாரோ எப்பவோ போட்ட ரூல். எனக்கு ரொம்பப் பிடிச்ச ரூல் அது. பேப்பரோட மட்டும் பேசினா போதும்னா எனக்கு வேற என்ன வேணும்?

எங்க சீஃப் என்னைவிட ஒன்பது வயசு சின்னவங்க. நெய்யாற்றின்கரைக்காரங்க. நான் மேடம்னு கூப்பிடுவேன், அவங்க என்னை சாரேன்னு கூப்பிடுவாங்க. யாரு யாருக்கு மேலன்னு பாக்கறவங்களுக்குத் தெரியாது. நான் ஏதாவது தப்பு பண்ணின அன்னிக்கு மட்டும் தெளிவாத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வரேன்.

அயர்லாந்துல ஒரு ஆஸ்பத்திரி. அவங்க அப்ளிகேஷனோட ஒரு பக்கம் தனியா எழுதச் சொல்வாங்க. "நீங்க வேலையில செஞ்ச ஒரு தப்பையும், அப்ப நீங்க என்ன செஞ்சீங்கன்னும் எழுதுங்க." நம்ம ஆளுங்க இதுல உஷாரு. "நான் ரொம்ப அதிகமா உழைப்பேன், அதுதான் என் தப்பு"ன்னு எழுதுவாங்க. நானும் காமா போட்டு அனுப்புவேன். ஆனா அன்னிக்கு வந்த ஃபைல் வேற மாதிரி. பால்பாயின்ட் பேனாவுல, கையால எழுதின ஒரு பக்கம். ஒரு காமா கிடையாது, ஒரு ஃபுல்ஸ்டாப் கிடையாது. இங்கிலீஷ்ல இருந்ததைத் தமிழ்ல சொல்றேன்:

"நான் சலைன் ட்ரிப்பை வேகமா விட்டுட்டேன் பாத்ததும் நிறுத்திட்டேன் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன் நாடி எண்ணிக்கிட்டே இருந்தேன் எனக்குப் பயமா இருந்தது கொஞ்ச நேரம் கழிச்சு டாக்டர்கிட்ட சொன்னேன் அவர் சத்தம் போட்டார் நான் நின்னேன் அவருக்கு ஒண்ணும் ஆகலை."

எனக்கு ஒரே கொண்டாட்டம். முதல் சுத்துல வரி வரியாப் பிரிச்சேன், காமா போட்டேன், கடைசி வரியில இருக்கற "அவர்" நோயாளியா டாக்டரான்னு குழம்பாம இருக்க நோயாளின்னு தெளிவா எழுதினேன். அது வரைக்கும் சரி. ரெண்டாவது சுத்துல பேனா சும்மா இருக்கலை. "நான் நின்னேன்." யாரு இப்படி எழுதுவா? நின்னா என்ன, உக்காந்தா என்ன? எடுத்துட்டேன். "எனக்குப் பயமா இருந்தது." வேலைக்கு எழுதிப் போடற இடத்துல பயத்தை யாராவது காட்டுவாங்களா? எடுத்துட்டேன். "கொஞ்ச நேரம் கழிச்சு." இதுக்குப் பெரிய வட்டமாப் போட்டேன். அந்த இடத்துல எந்த நர்ஸும் "உடனடியா"ன்னுதானே சொல்லுவா? காதுக்கு அதுதானே இயல்பா இருக்கு? மாத்திட்டேன்.

முடிச்சு வாசிச்சுப் பாத்தா, சும்மா அருவி மாதிரி ஓடுது. அன்னிக்கு டிபன் பாக்ஸ்ல இருந்த தயிர்சாதம்கூட நல்லா இருந்துச்சு. டைப் அடிச்ச காப்பி ஏஜென்சிக்குப் போச்சு, எழுதின நர்ஸம்மா கையெழுத்துப் போட்டாங்க, அயர்லாந்துக்குப் போச்சு. நான் மறந்துட்டேன்.

பதினஞ்சு நாள் இருக்கும். காலைல பத்தரை மணிக்கு ஏஜென்சிக்காரர் படியேறி வந்தார். எப்பவும் போன்லயே காரியத்தை முடிக்கற ஆளு. மூச்சு வாங்க வந்து, என் மேஜைக்கு முன்னால நின்னு, "பணி கிட்டி சாரே"ன்னார். வசமா மாட்டிக்கிட்டோம்னு அர்த்தம்.

போனை நீட்டினார். அயர்லாந்து ஆஸ்பத்திரியிலிருந்து மெயில். முந்தின நாள் வீடியோ இன்டர்வியூ நடந்திருக்கு. "உங்க கடிதத்துல சொன்ன அந்தச் சம்பவத்தைச் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்காங்க. அந்தம்மா, "இருபது நிமிஷம் கழிச்சு டாக்டர்கிட்ட சொன்னேன்"ன்னு சொல்லியிருக்காங்க. கடிதத்துல உடனடியான்னு இருக்கு. எது உண்மை? இன்னிக்கு அவங்க மத்தியானத்துக்குள்ள, அதாவது நமக்கு சாயந்திரம் அஞ்சரை மணிக்குள்ள, விளக்கம் வரணும். வரலைன்னா, கையெழுத்துப் போட்ட பேப்பர்ல பொய் சொன்னதா எழுதி ஃபைலை மூடிடுவாங்க.

"மூடினா மூடட்டும், வேற ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போடலாமே"ன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசற மாதிரி இருந்துச்சு.

"பொய்னு எழுதிட்டா அங்க வேற யாரும் தொட மாட்டாங்க சாரே. அதும் போகட்டும். அவங்க இங்க பாத்த வேலையைப் போன வாரம் விட்டாச்சு."

"ஏன் விட்டாங்க?"

"எல்லாம் ஓக்கேதான், நோட்டீஸ் குடுத்துருங்கன்னு நான்தான் சொன்னேன்."

மெயிலுக்கு மேல பேரு இருந்துச்சு. அப்பதான் முதல் தடவையாப் பாக்கறேன். பகவதி. நம்ம நாஞ்சில் நாட்டுப் பேரு. விலாசம் ஸ்ரீவராகம். எங்க வீட்டுலருந்து ஆட்டோ புடிச்சா பத்து நிமிஷம். நான் ஏதோ அயர்லாந்துக்காரிக்கு இங்கிலீஷ் எழுதற மாதிரி எழுதியிருக்கேன். புருஷன் பக்கவாதம் வந்து படுத்திருக்கார், வீட்டுல சம்பாதிக்கறது இவங்க ஒருத்திதான்னு ஏஜென்சிக்காரர் சொன்னார். நான் கேக்காமலேதான் சொன்னார். எனக்கு அதைக் கேக்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

இப்ப ஒரு உண்மையைச் சொல்றேன், சிரிக்கக்கூடாது. அலமாரியைத் திறந்து பழைய ஃபைலைத் தேடும்போது நான் ஸ்ரீவராகமூர்த்தியை வேண்டிக்கிட்டேன். என்னன்னு? "உடனடியான்னு அந்தம்மாவே எழுதியிருக்கணும் சாமி, நான் மாத்தினதா எனக்கு இருக்கற ஞாபகம் தப்பா இருக்கணும்"னு. நல்ல வேண்டுதல், அல்லே? ஃபைல் கிடைச்சுது. அவங்க கையெழுத்துல, நீல மையில, கொஞ்ச நேரம் கழிச்சு. அதுக்கு மேல என் சிவப்புக் கோடு. ஓரத்துல என் வட்டம். அப்படி உருண்டையா ஒரு வட்டம் நான் வாழ்க்கையில வேற எங்கயும் போட்டதில்லை.

போய் தண்ணி குடிச்சேன். வந்து உக்காந்தேன். மறுபடியும் போய் தண்ணி குடிச்சேன்.

ஏஜென்சிக்காரர்தான் வழி சொன்னார். "டைப்பிங் மிஸ்டேக்னு எழுதிடுங்க சாரே. தீந்துது."

எனக்கு உயிர் வந்துச்சு. எழுதறதுதானே? அதுல நான் ராஜால்லா! உக்காந்து எழுதினேன். 'கடிதத்தைத் தயாரிக்கும் பணியின்போது, எதிர்பாராத வகையில், ஒரு சொல் மாற்றம் நிகழ்ந்துவிட்டது' அப்படின்னு இங்கிலீஷ்ல. ரெண்டு காமாவும் டாண்ணு விழுந்துச்சு. எடுத்துக்கிட்டு மேடம்கிட்ட போனேன்.

மேடம் ஒரிஜினல் பேப்பரையும் என் டிராஃப்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க.

"சொல் மாற்றம் நிகழ்ந்துச்சா? எப்படி நிகழ்ந்துச்சு சாரே? காத்தடிச்சா?"

ரெண்டாவது டிராஃப்ட் எழுதினேன். இதுல 'எங்கள் அலுவலகத்தில்'னு சேத்தேன். மேடம் பாத்துட்டு, "இந்த அலுவலகத்துல எட்டுப் பேரு இருக்கோம்"னாங்க.

மூணாவது டிராஃப்ட் எழுதும்போது மணி ஒண்ணரை. கீழ நாகர்கோவில் பஸ் கிளம்புதுன்னு சொல்றாங்க. அதுல ஏறிப் போயிடலாமான்னு நிஜமாவே தோணிச்சு. மூணாவது டிராஃப்ட்ல இன்னும் பெரிய கெட்டிக்காரத்தனம் பண்ணியிருந்தேன். கொஞ்ச நேரம்ங்கறதும் உடனடிங்கறதும் மருத்துவச் சூழல்ல கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு வாதாடியிருந்தேன். எழுதும்போது நானே நம்பிட்டேன். நீங்க வாசிச்சிருந்தா நீங்களும் நம்பியிருப்பீங்க.

மேடம் அதைக் கீழ வச்சாங்க. "சாரே, இதை அவங்க நம்பிட்டாங்கன்னா யாரு பொய் சொன்னதா ஆகும்?"

யோசிச்சேன். அந்தம்மாதான். கடிதத்துல இருக்கற உடனடியாதான் சரின்னு ஆயிட்டா, இருபது நிமிஷம்னு தானா வாயைத் திறந்து சொன்னவங்க அவங்கதானே. நான் எவ்வளவு நல்லா எழுதறேனோ அவ்வளவுக்கு அவங்க மாட்டுவாங்க.

"நான்னு எழுதணும்னா, ஏஜென்சி நம்மளை விட்டுப் போயிரும் மேடம்"ன்னேன்.

"போகக்கூடாது. போனா கஷ்டம்தான். எனக்கும் மேல பதில் சொல்லணும்." ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினாங்க. "ஆனாலும் எழுதுங்க. நாலு வரி மதி, போதும்."

பிள்ளைங்களா, நம்ம வேலையில நெருக்கடி வரும்போது கைக்கு முதல்ல வர்றது நல்ல வரிதான். அது பழக்கம். உங்களை அறியாமலே வரும். அதனால சொல்றேன், உங்க கழுத்துக்குக் கத்தி வரும்போது நீங்க எழுதற வரி ரொம்ப அழகா வந்துச்சுன்னா, கொஞ்சம் பயப்படுங்க.

நாலு வரி எழுதினேன். 'அவர் கொஞ்ச நேரம் கழிச்சுன்னு எழுதினார். நான் அதை உடனடியான்னு மாத்தினேன். அவர்கிட்ட கேக்கலை. அவர் எழுதின பக்கத்தை இதோட வச்சிருக்கேன்.' இருபத்தஞ்சு வருஷத்துல நான் எழுதினதுலயே மட்டமான இங்கிலீஷ். ஒரு காமாவுக்குக்கூட இடம் இல்லை. சிவப்பு வட்டத்தோட அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, என் பேரு போட்டு, ரெண்டே முக்காலுக்கு அனுப்பினேன். ஏஜென்சிக்காரர் தலையில கைவச்சு சோபாவுல உக்காந்துட்டார்.

முடிஞ்சுதுன்னு நினைச்சேன். மூணரை மணிக்கு ஆபீஸ் போன் அடிச்சுது. எடுத்த மேடம், ரிசீவரைக் கையால பொத்திக்கிட்டு, "சாரே, அயர்லாந்து. உங்ககிட்ட பேசணுமாம்"ன்னாங்க.

எனக்கு இங்கிலீஷ் பேச வராதுன்னு உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியலை. எழுதுவேன், திருத்துவேன், சண்டைகூடப் போடுவேன், எல்லாம் பேப்பர்ல. வாயைத் திறந்தா முதல் வார்த்தைக்கு அப்புறம் எங்க காமா போடணும்னு யோசிச்சே நின்னுருவேன். நான் எழுந்திருச்சு நேரா பாத்ரூம் பக்கம் நடந்தேன்.

"உள்ள தண்ணி வரலை சாரே"ன்னாங்க மேடம்.

திரும்பி வந்தேன்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். மெதுவான குரல்தான், ஆனா ரயில் வேகம். முதல் கேள்வி ஒரு எழுத்துகூடப் புரியலை. மறுபடி நிதானமாக் கேட்டாங்க. நடந்ததைச் சொல்லுங்கன்னு கேக்கறாங்க. சொன்னேன். எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியாது. அவங்க எழுதினாங்க எனக்கு நல்லா இல்லைன்னு தோணிச்சு நான் மாத்திட்டேன் தப்பு என் தப்புன்னு, மூச்சே விடாம, பகவதி எழுதின அந்தப் பக்கம் மாதிரியே. வேலையில சேர வந்த ஒருத்தன் அப்படிப் பேசியிருந்தா நானே வெளிய அனுப்பியிருப்பேன்.

"மாத்தச் சொல்லி அவங்க உங்ககிட்ட கேட்டாங்களா?"

"நோ. அவங்களுக்கு என்னைத் தெரியவே தெரியாது."

அதுக்கப்புறம்தான் வந்துச்சு அந்தக் கேள்வி. "கையெழுத்துப் போடறதுக்கு முன்னால அவங்க அதை வாசிச்சாங்களா?"

மேடம் ஸ்பீக்கரைப் போட்டிருந்ததால எல்லாருக்கும் கேட்டுச்சு. சோபாவுல இருந்த ஏஜென்சிக்காரர் துள்ளி எழுந்து, இல்லை இல்லைன்னு தலையையும் கையையும் ஆட்டறார். எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. வாசிக்கலைன்னு சொல்லிட்டா அந்தம்மா மேல ஒரு பழியும் இல்லை, எல்லாம் என் தலையிலயே முடிஞ்சிரும். எவ்வளவு பெருந்தன்மையான பொய்! என் நாக்கு நுனியில நின்னுச்சு. நான் செஞ்ச தப்புக்கு ஒரு பரிகாரம் மாதிரி இருந்துச்சு.

என்னைத் தடுத்தது நல்ல குணம் ஒண்ணும் இல்லை. மேஜை மேல அந்த ஒரிஜினல் பக்கம் கிடந்துச்சு, அந்தச் சிவப்பு வட்டத்தோட. இதே கைதான், இப்படிச் சொன்னா நல்லா இருக்கும்னு நினைச்சுதான், அதைப் போட்டுச்சு. இப்பவும் அதையேதான் செய்யப் போறேன். அவங்க வாசிச்சாங்களா இல்லையான்னு எனக்கு என்ன தெரியும்?

"ஐ டோன்ட் நோ. நான் அவங்ககிட்ட கேக்கலை"ன்னேன்.

அந்தப் பக்கம் "ஐ சீ"ன்னாங்க. போனை வச்சுட்டாங்க.

ஏஜென்சிக்காரர் என்னைப் பாத்து மலையாளத்துல ஒண்ணு சொன்னார். எழுத முடியாது. கதவைச் சாத்திக்கிட்டுப் போனார்.

அந்த 'ஐ சீ'யை வச்சுக்கிட்டு நாலு நாள் நான் பட்ட பாடு! கோபமா சொன்னாங்களா? சரின்னு சொன்னாங்களா? சும்மா சொன்னாங்களா? வீட்டுல சாப்பிடும்போது 'ஐ சீ'ன்னு பல மாதிரி சொல்லிப் பாத்தேன். என் பெண்டாட்டி, "என்ன சீ? சாம்பார் நல்லா இல்லையா?"ன்னா. மெயில் வந்துச்சான்னு அரை மணிக்கு ஒரு தடவை பாத்தேன். காய்கறி வாங்க ஸ்ரீவராகம் வழியாப் போற ஆளு, அந்த நாலு நாளும் கிழக்கேகோட்டையைச் சுத்திக்கிட்டுப் போனேன். ஏதாவது தெருவுல யாராவது ஒரு பொம்பளை நின்னு என்னைப் பாத்தா, அது பகவதியா இருக்குமோன்னு பயம். மூஞ்சியே தெரியாத ஆளுக்குப் பயந்து ஊரைச் சுத்தினவன் நான்.

ரெண்டாம் நாள் மேடம் கேட்டாங்க. "பகவதிகிட்ட பேசினீங்களா?"

"ஏஜென்சிக்காரர் சொல்லியிருப்பார் மேடம்."

மேடம் என்னை ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறம் அவங்க ஃபைலைப் பாத்தாங்க.

அஞ்சாம் நாள் மறுபடி வீடியோ இன்டர்வியூ வச்சாங்க. என்ன நடந்துச்சுன்னு ஏஜென்சிக்காரர்தான் அப்புறம் சொன்னார், கோபம் பாதி குறைஞ்ச குரல்ல. அந்த அயர்லாந்து அம்மா பகவதிகிட்டயும் அதே கேள்வியைக் கேட்டிருக்காங்க. கையெழுத்துக்கு முன்னால வாசிச்சீங்களா? பகவதி, "வாசிச்சேன்"னு சொல்லியிருக்காங்க. "நான் எழுதினது மாதிரி இல்லையேன்னு ஏஜென்சியில கேட்டேன். இங்கிலீஷ் தெரிஞ்ச ஆபீஸ்ல செஞ்சது, கையை வைக்காதீங்கன்னாங்க. வேலை போயிருமோன்னு பயந்து கையெழுத்துப் போட்டேன். போட்டது தப்புதான்"னும் சொல்லியிருக்காங்க. அப்புறம் அந்த இருபது நிமிஷத்தைப் பத்திக் கேட்டிருக்காங்க. அதையும் சொல்லியிருக்காங்க. வேலை கிடைச்சாச்சு.

இதைக் கேட்டதும் நான் சந்தோஷப்பட்டிருக்கணும். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன். நான் அன்னிக்கு அந்தப் பெருந்தன்மையான பொய்யைச் சொல்லியிருந்தேன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நான் வாசிக்கலைங்கறேன், அவங்க வாசிச்சேங்கறாங்க. ரெண்டாவது தடவையும் அவங்க சொன்னதும் நான் சொன்னதும் வேற வேற. அதுக்கப்புறம் யாரு என்ன விளக்கம் குடுத்தாலும் எடுபட்டிருக்காது. ஒரு தடவை தெரியாம மாத்தினேன், ரெண்டாவது தடவை நல்ல மனசோட மாத்தியிருப்பேன். முடிவு ஒண்ணுதான்.

ஏஜென்சி நம்மளை விட்டுப் போகலை. ஆனா ஒரு வருஷம் என் மேஜைக்கு அவங்க ஃபைல் ஒண்ணும் வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நான் அந்த ஒரு வருஷம் ஹோட்டல் மெனு கார்டும் கண்காட்சி நோட்டீஸும் திருத்தினேன். எனக்கு அது சரியான தண்டனைதான். ஆனா அதுலயும் வட்டம் போட்டேன், அதை மறைக்க மாட்டேன்.

இன்னிக்கு உங்க ஸ்க்ரீன்ல கம்ப்யூட்டர் கோடு போட்டுக் காட்டும், இந்த வரி இயல்பா இல்லை, இப்படி மாத்தவான்னு கேக்கும். அது எல்லாத்தையும் வாசிச்சிருக்கு, ஆனா அந்த வார்டுல அது நின்னதில்லை. நானும் நின்னதில்லை. ஒரு வரி கோணலா இருந்தா, எழுதினவங்களுக்கு இங்கிலீஷ் வரலைன்னுதான் நமக்கு முதல்ல தோணும். சில சமயம் நடந்ததே கோணலா நடந்திருக்கும். ரெண்டுல எதுன்னு பேப்பரைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியும்னு நான் ரொம்ப வருஷம் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னால பகவதி ஆபீஸுக்கு வந்தாங்க. கையால எழுதின அந்த ஒரிஜினல் பக்கம் திரும்ப வேணும்னு. நாப்பது வயசு இருக்கும். கையில கவர், அதுல கம்பளி சுவெட்டர், விலைச்சீட்டுகூடக் கிழிக்கலை. நான் எழுந்திருச்சு நின்னேன். உண்மையைச் சொல்றேன், நன்றி சொல்வாங்கன்னு எதிர்பாத்தேன். அயர்லாந்துகூட போன்ல பேசினதுல எனக்கே என் மேல ஒரு மரியாதை வந்திருந்துச்சு. "அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா, கடமைதான்"ன்னு ஒரு பதிலும் தயாரா வச்சிருந்தேன், காமாவோட.

ஃபைல்லருந்து பக்கத்தை எடுத்துக் குடுத்தேன். அவங்க உக்காரலை. நின்னுக்கிட்டே பாத்தாங்க. சிவப்புக் கோட்டை விரலால தடவினாங்க.

"இந்த வட்டம் நீங்க போட்டதா சார்?"

"ஆமாம்மா."

"எதுக்கு?"

"அந்த இடம்... வாசிக்க நல்லா இல்லைன்னு தோணிச்சு."

"நல்லாத்தான் இல்லை. அந்த இருபது நிமிஷமும் நான் அவர் கையை விடலை. சொன்னா வேலை போயிரும், சொல்லாம இருந்து அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்யன்னு நின்னேன். இதை என் வீட்டுக்காரர்கிட்டகூட சொன்னதில்லை. எழுதறதுக்கு எனக்கு மூணு நாள் ஆச்சு."

"எழுதினவங்ககிட்ட நாங்க பேசக்கூடாதுன்னு ஆபீஸ் ரூல்ம்மா"ன்னேன். சொல்லும்போதே நாக்கு கசந்துச்சு.

"பேப்பருக்கு மேல என் போன் நம்பர் இருக்கு பாருங்க."

இருந்துச்சு. அதுல ஒரு வட்டமும் இல்லை.

"எனக்கு இங்கிலீஷ்தான் சார் வராது. தமிழ் வரும்லா." பக்கத்தை நாலா மடிச்சு சுவெட்டர் கவருக்குள்ள வச்சாங்க. படிக்கட்டு வரைக்கும் போயி திரும்பிப் பாத்தாங்க. "அயர்லாந்துக்குப் பேசத் தெரிஞ்ச ஆளுக்கு, ஸ்ரீவராகத்துக்கு ஒரு போன் பேச என்ன சார் கேடு?"